தானாக ஓடும் பொம்மையைக் குழந்தைக்குப் பழக்குவது எப்படி? கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை

முதல் பிறந்தநாள் விழாக்களில் தவறாமல் நடக்கும் காட்சி இது. மாமாவோ சித்தப்பாவோ பெரிய அட்டைப்பெட்டியோடு வருகிறார். உள்ளே குரைத்துக்கொண்டே நடக்கும் நாய்க்குட்டி இருக்கும்; இல்லாவிட்டால் விளக்கு மின்னப் பாட்டுப் பாடிச் சுற்றும் விமானம். அங்கேயே பேட்டரி போட்டு, சுவிட்சைத் தட்டி, குழந்தையின் முகத்துக்கு நேராகத் தரையில் விடுகிறார்கள். குழந்தை வீரிட்டு அழுகிறது. சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், இரண்டு பேர் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். 'பயந்தாங்கொள்ளி' என்ற பட்டமும் அன்றைக்கே கிடைத்துவிடுகிறது. பொம்மை பீரோ மேல் ஏறிவிடுகிறது.

பொம்மையிலும் கோளாறு இல்லை, குழந்தையிடமும் இல்லை. ஓடப்போவது குழந்தைக்கு முன்கூட்டித் தெரிந்ததா, சுவிட்ச் யார் கையில் இருந்தது என்று இரண்டு கேள்விகள் கேட்டால் பெரும்பாலான அழுகைக்குக் காரணம் கிடைத்துவிடும். இந்த வழிகாட்டியில் உள்ள படிகள் எல்லாம் அந்த இரண்டையும் சரிசெய்வதற்காகவே.

வயதைப் பொறுத்து எதை எதிர்பார்க்கலாம்?

பிறந்து மூன்று நான்கு மாதம் வரை குழந்தை பொம்மையைக் கண்டு பயப்படுவதில்லை. திடீர்ச் சத்தத்துக்குக் கையை விரித்துத் தூக்கிவாரிப்போடும்; அது உடம்பின் அனிச்சைச் செயல், ஆறு மாதத்துக்குள் தானாக மறைந்துவிடும். ஆனால் அந்த வயதிலேயே ஒரு விஷயம் தொடங்கிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-கோலியர், தொட்டிலுக்கு மேல் தொங்கும் அசைபொம்மையிலிருந்து ஒரு ரிப்பனை இழுத்துக் குழந்தையின் கணுக்காலில் கட்டிப் பார்த்தார். கால் உதைத்தால் பொம்மை ஆடும். இரண்டு மூன்று மாதக் குழந்தைகள் சில நிமிடங்களிலேயே சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக உதைக்கத் தொடங்கின. மூன்று மாதக் குழந்தை ஏறக்குறைய ஒரு வாரம் கழித்தும் அந்தப் பொம்மையைக் கண்டதும் உதைத்தது.

1972இல் ஜான் வாட்சனும் கிரெய்க் ரேமியும் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. எட்டு வாரக் குழந்தைகள் தலையணையில் தலையை அழுத்தினால் மேலே உள்ள பொம்மை சுற்றும்படி அமைத்தார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே மாதிரிப் பொம்மை தன்பாட்டுக்குச் சுற்றியது. தானே சுற்றவைத்த குழந்தைகள் பொம்மையைப் பார்த்துச் சிரித்தன, குரல் கொடுத்துக் கொஞ்சின. மற்றவை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு மாதக் குழந்தைக்கே 'என்னால் ஓடுகிறது' என்பதில் மகிழ்ச்சி இருக்கிறது என்றால், ஒரு வயதில் சொல்லவும் வேண்டுமா?

ஏழெட்டு மாதத்தில் கதை மாறுகிறது. புதிய ஆளைக் கண்டால் அம்மாவின் தோளில் முகம் புதைக்கும் அதே பருவத்தில்தான் தானாக நகரும் பொம்மையின் மீதும் பயம் முளைக்கிறது. 1970இல் சாண்ட்ரா ஸ்கார், பிலிப் சலபாடெக் இருவரும் இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு இயந்திர நாய், பெட்டியிலிருந்து துள்ளி எழும் பொம்மை, முகமூடி, புதிய ஆள் என்று வரிசையாகக் காட்டிப் பார்த்தார்கள். ஏழு மாதத்துக்கு முன் பயம் அரிதாகவே தென்பட்டது. ஆறு மாதத்தில் சிரித்துக்கொண்டே பார்த்த குழந்தை பத்து மாதத்தில் அதே பொம்மைக்கு அலறினால் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சுற்றிப்போட வேண்டியதில்லை. எது பழகியது, எது புதியது என்று பிரித்தறியும் அறிவு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றரை வயதுக்கு மேல் பயமும் ஆசையும் ஒன்றாக இருக்கும்: ஓடிப்போய் ஒளிந்துகொண்டு, 'இன்னொரு தடவை' என்று கேட்கும் வயது. மூன்றுக்கு மேல் கேள்விகள் தொடங்கும். அவற்றைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

படி 1: குழந்தை இல்லாதபோது நீங்கள் ஓட்டிப் பாருங்கள்

பெட்டியைக் குழந்தை எதிரில் திறக்காதீர்கள். தனியறையில் பேட்டரி போட்டு ஒருமுறை முழுதாக ஓடவிடுங்கள். எவ்வளவு சத்தம்? பாட்டை மட்டும் நிறுத்த வழி உண்டா? சுவரில் முட்டினால் திரும்புகிறதா, அங்கேயே உறுமுகிறதா? பொம்மையின் வாய் குழந்தையின் காது உயரத்தில் வரும் என்பதை நினைவில் வைத்துத் தரையில் படுத்துக் கேட்டுப் பாருங்கள். நின்றபடி கேட்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். ஒலிபெருக்கித் துளைகள் மேல் செலோடேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டினால் பல மலிவான பொம்மைகளின் குரல் பாதியாக அடங்கும்.

பாதுகாப்பில் மூன்று விஷயங்களை விடாதீர்கள். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுகியிருக்க வேண்டும். நாணயம் போன்ற பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் கடுமையாக வெந்துபோகலாம். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல் எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அடுத்தது சக்கரம்: மோட்டாரில் சுழலும் சிறு சக்கரத்தில் அவிழ்ந்த முடியும் பாவாடை நாடாவும் சிக்கும், படுத்துக்கொண்டு பொம்மை பார்க்கும் குழந்தைக்கு இது கட்டாயம் கவனிக்க வேண்டியது. மூன்றாவது முத்திரை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் அதை எதிர்பார்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அங்கே வாங்கியதை ஒவ்வோர் உறுப்பாக இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

படி 2: நேரம் பாருங்கள்

நல்ல நேரம் என்றால் வயிறு நிறைந்து, தூங்கி எழுந்து அரைமணியாவது ஆகி, வீட்டில் கூட்டம் இல்லாத நேரம். விழா நாள் அதற்கு ஏற்ற நாளில்லை. பரிசு கொடுத்தவர் மனம் நோகும் என்று பார்த்தால், ஓடாத பொம்மையாகக் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 3: முதலில் ஓடாத பொம்மையாகக் கொடுங்கள்

பலர் தாண்டிக் குதிக்கும் படி இது. பேட்டரி இல்லாமல் ஒன்றிரண்டு நாள் பொம்மை குழந்தையிடம் இருக்கட்டும். புரட்டும், தட்டும், வாலைக் கடிக்கும், சக்கரத்தை விரலால் சுழற்றும். அப்படித் தன் கையால் முழுதாக அறிந்துகொண்ட பொருள் பிறகு நகரும்போது, 'இது என்னவோ' என்ற திகைப்பில் பாதி குறைந்திருக்கும்.

இந்த இடத்தில் தஞ்சாவூர்ப் பொம்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடி கனத்து உருண்டிருப்பதால், தள்ளிவிட்டால் தானே சாய்ந்து சாய்ந்து ஆடி நிமிர்ந்து நிற்கும். தொட்டால் மட்டும் ஆடும், ஆட்டம் தானாக அடங்கும். தானாக நகரும் பொருளுக்கு இதைவிடச் சாதுவான அறிமுகம் கடையில் கிடைக்காது. சாயம் பூசிய பொம்மை என்பதால் எதையும் வாயில் வைக்கும் பருவத்தில் கையில் கொடுக்காமல் நீங்கள் பிடித்துக்கொண்டு ஆட்டிக் காட்டுங்கள்.

படி 4: இடமும் உங்கள் முகமும்

குழந்தையோடு தரையில் உட்காருங்கள். பொம்மையைக் குழந்தைக்கு நேராக விடாமல் குறுக்காக, இடமிருந்து வலமாக, ஐந்தாறு அடி தள்ளி ஓடவிடுங்கள். நம்மை நோக்கி வரும் பொருள் பெரியவர்களுக்கே சங்கடம்தான். குழந்தைக்குப் பின்னால் சுவரோ சோபாவோ இருந்தால் பின்வாங்க வழியில்லாமல் போகும்; திறந்த இடமாக இருக்கட்டும்.

புதிதாக எதையாவது பார்த்தால் ஒரு வயதுக் குழந்தை செய்யும் முதல் வேலை, திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பது. மேரி கிளின்னர்ட் 1984இல் இதைச் சோதித்துப் பார்த்தார். 12 மாத, 18 மாதக் குழந்தைகளின் முன்னால் பழக்கமில்லாத பொம்மைகள் வந்தன. அம்மாக்கள் சிரித்த முகம், பயந்த முகம், ஒன்றுமில்லாத முகம் என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். பயந்த முகத்தைக் கண்ட குழந்தைகள் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டன. சிரித்த முகத்தைக் கண்டவை விலகிப் பொம்மைப் பக்கம் போயின. ஆகவே பொம்மை ஓடும்போது நீங்கள் பார்க்க வேண்டியது குழந்தையை. குழந்தை திரும்பும் அந்த ஒரு நொடியில் உங்கள் முகம் அதற்குக் கிடைக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் முகம் எதையும் சொல்லாது.

'அய்யய்யோ வருது வருது' என்று விளையாட்டாகக் கத்துவதையும் இந்த வயதில் தவிர்க்கலாம். நம் நடிப்பு அதற்கு நடிப்பாகத் தெரியாது.

படி 5: சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் மட்டும்

முதல் ஓட்டம் மூன்று நான்கு நொடி போதும். ஓடுவதற்கு முன் எப்போதும் ஒரே சொல்: 'ஒன்று, இரண்டு, மூன்று... ஓடு!' நிறுத்தும்போதும் ஒரே சொல்: 'நின்றுவிட்டது.' சிறு இடைவெளி விட்டு மறுபடி அதே மாதிரி. ஒரே கால அளவில் மாறாமல் ஓடியும் நின்றும் வரும் பொம்மையை ஒரு வயதுக் குழந்தைகள் அவ்வளவாக அஞ்சுவதில்லை, எப்போது ஓடும் என்று தெரியாதபடி ஓடும் பொம்மைக்குத்தான் அஞ்சுகின்றன என்று மேகன் கன்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984இல் காட்டினார்கள். கைதட்டினால் ஓடும், ஆள் கடந்தால் தானே விழித்துக்கொண்டு பேசும் பொம்மைகள் இந்தச் சோதனையில் தேறாது. என்னைக் கேட்டால் இரண்டு வயதுக்குள் அவற்றை வாங்கவே வேண்டாம்.

படி 6: உடம்பைப் படியுங்கள்

அழுகை கடைசியில் வரும் அறிகுறி. அதற்கு முன்பே உடம்பு நிறையச் சொல்லிவிடும்.

குழந்தை அப்படியே உறைந்து நிற்பதை ஆர்வம் என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கைகளைக் கவனியுங்கள். ஆர்வத்தில் பார்க்கும் குழந்தையின் கை தளர்ந்து, விரல்கள் பொம்மைப் பக்கம் விரிந்திருக்கும், உடம்பு லேசாக முன்னால் சாய்ந்திருக்கும், வாய் திறந்திருக்கலாம். பயந்த குழந்தையின் முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும், விரல்கள் மடங்கியிருக்கும் அல்லது உங்கள் துணியைப் பிடித்திருக்கும், கால் கட்டைவிரல் உள்ளே வளைந்திருக்கும். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று விரலை வாயில் போடுவதும், பொம்மையை ஓரக்கண்ணால் மட்டும் பார்ப்பதும், மூச்சைப் பிடித்துக்கொள்வதும் அதே கணக்கில் சேரும்.

சிரிப்பும் ஏமாற்றும். கிண்கிணியென்று ஆரம்பித்து உச்சத்தில் கீச்சென்று முடியும் சிரிப்பு, அடுத்த நொடி அழுகையாகலாம். அப்போது நிறுத்திவிட்டு முகத்தைப் பாருங்கள். தானாகப் பொம்மையைச் சுட்டிக்காட்டினாலோ, எடுத்து வந்து உங்கள் மடியில் வைத்தாலோ 'மறுபடி ஓட்டு' என்று பொருள். அது வரும்வரை அடுத்த ஓட்டத்துக்கு அவசரமில்லை.

படி 7: சுவிட்சைக் குழந்தையின் கையில் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள்.

1978இல் மேகன் கன்னர் ஜால்ரா தட்டும் இயந்திரக் குரங்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். கண்ணை உருட்டி, இரண்டு தாளத்தையும் மோதிக் கடகடவென்று சத்தம் போடும் பழைய வகைப் பொம்மை. பெரியவர்களையே திடுக்கிட வைக்கும். ஒரு வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு, எதிரே உள்ள பலகையைத் தட்டினால் குரங்கு இயங்கும்படி வைத்தார். மறு பிரிவுக்கும் அதே குரங்கு, அதே அளவு ஓட்டம். ஆனால் அது குழந்தையின் கையில் இல்லை, தன்பாட்டுக்கு ஓடியது. தானே ஓட்டிய குழந்தைகள் பயம் குறைந்து சிரிக்கவும் செய்தன. இந்த வேறுபாடு ஆண் குழந்தைகளிடம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. பொம்மையிலும் சத்தத்திலும் ஒரு மாற்றமும் இல்லை, சுவிட்சின் இடம் மட்டும் மாறியது.

இதற்கும் வயது உண்டு. பின்னொரு ஆய்வில் 6, 9, 12 மாதக் குழந்தைகளை ஒப்பிட்டபோது, கட்டுப்பாடு கையில் இருப்பதன் பலன் 12 மாதத்தில்தான் தென்பட்டது. எட்டு மாதக் குழந்தையின் விரலைப் பிடித்துச் சுவிட்சில் அழுத்திவிட்டு 'நீதானே ஓட்டினாய்' என்று சமாதானப்படுத்துவது அதனால் பெரிதாகப் பலிக்காது. அந்த வயதுக்குத் தூரமும் அம்மாவின் மடியும்தான் மருந்து.

நடைமுறையில் சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான பேட்டரி பொம்மைகளின் சுவிட்ச் வயிற்றுக்கடியில், நகத்தால் நெம்பித் தள்ளும்படி இருக்கும். குழந்தைக்கு அது இல்லாததற்குச் சமம். அதனால் முதல் ஓடும் பொம்மையாகப் பேட்டரி பொம்மையை நான் பரிந்துரைப்பதில்லை. என் வரிசை இது: முதலில் கயிறு கட்டி இழுக்கும் வண்டி. நிறுத்தினால் நிற்கும், இழுத்தால் வரும். பிறகு, பின்னால் இழுத்துவிட்டால் முன்னால் ஓடும் கார். குழந்தை இழுத்தால் ஒழிய அது ஓடாது, பத்தடியில் தானே நின்றுவிடும், சத்தமும் சொற்பம். அதன் பிறகு சாவி கொடுத்தால் நடக்கும் பொம்மை. சாவியை நீங்கள் முறுக்கினாலும், கையை எடுத்து விடுவிக்கும் வேலையைக் குழந்தையிடம் விடலாம். தலையில் பெரிய பொத்தான் உள்ள பேட்டரி பொம்மை நான்காவது. ரிமோட் வண்டி இரண்டரை மூன்று வயதுக்கு மேல். ரிமோட்டை அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் தம்பியைத் துரத்தவிடும் விளையாட்டைப் பார்த்தால் இந்தப் படி முழுவதையும் தலைகீழாகச் செய்கிறோம் என்று புரியும்.

படி 8: பயந்துவிட்டால்

முதலில் நிறுத்துங்கள், பிறகு தூக்குங்கள். தூக்கி வைத்துக்கொண்டு பொம்மையை ஓடவிடுவது ஆறுதலாகாது. நிறுத்துவதைக் குழந்தை பார்க்க வேண்டும். 'நிறுத்த முடியும்' என்பதே அதற்குத் தேவையான செய்தி. 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று மறுப்பதைவிட 'சத்தமாக இருந்ததா? நிறுத்தியாகிவிட்டது' என்று நடந்ததைச் சொன்னால் அழுகை விரைவில் தணியும்.

கையைப் பிடித்து இழுத்துத் தொடவைக்காதீர்கள். பொம்மையை மாயமாக மறைக்கவும் வேண்டாம். ஓடாமல், கண்ணில் படும்படி ஓர் அலமாரியில் இருக்கட்டும். சில நாளில் குழந்தையே அந்தப் பக்கம் கைகாட்டும்போது மூன்றாவது படியிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

எல்லாக் குழந்தைகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் பல ஆண்டுகள் செய்த ஆய்வில், புதிய காட்சிக்கும் ஒலிக்கும் கைகாலை உதைத்து அழும் நான்கு மாதக் குழந்தைகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இருந்தார்கள். அவர்களில் பலர் பின்னாளில் புதியவற்றிடம் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுச் சேரும் சுபாவம் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். உங்கள் குழந்தை அந்த ஐந்தில் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு படிக்கும் கூடுதல் நாள் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பேச்சு குழந்தையின் காதில் விழ வேண்டாம்.

பொம்மைக்குப் பயப்படுவது மட்டும் மருத்துவரிடம் போகக் காரணமாகாது. ஆனால் எவ்வளவு சத்தத்துக்கும் குழந்தை திரும்புவதே இல்லை, ஒரு வயது தாண்டியும் பெயர் சொல்லி அழைத்தால் பார்ப்பதில்லை, எதையும் சுட்டிக்காட்டிப் பகிர்வதில்லை, சுழலும் சக்கரத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பவை சேர்ந்து வந்தால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 9: 'இதற்கு உயிர் இருக்கிறதா?'

மூன்று வயதில் பயத்தின் இடத்தில் கேள்வி வந்து உட்காரும். சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே 1920களிலேயே இதைக் குழந்தைகளிடம் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். நகர்வதற்கெல்லாம் உயிர் உண்டு என்று ஒரு பருவம், தானாக நகர்வதற்கு மட்டும் உண்டு என்று அடுத்த பருவம். விலங்குக்கும் செடிக்கும் மட்டும் என்று வர இன்னும் காலமாகும். இன்றைய ஆய்வுகள் குழந்தைகளுக்கு அவரைவிடக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கின்றன. ஆனாலும் எல்லைக்கோட்டில் குழப்பம் இருப்பது உண்மை.

கலிபோர்னியாவில் ஒரு மழலையர் வகுப்பில் க்யூரியோ என்ற சிறு ரோபோவைப் பல மாதங்கள் விட்டுவைத்து, அதன் முடிவுகளை ஃபுமிஹிதே தனாகாவும் குழுவினரும் 2007இல் வெளியிட்டார்கள். ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகள் நாளடைவில் அதைத் தங்களில் ஒருவரைப்போல் நடத்தினார்கள். பேட்டரி தீர்ந்து படுத்தால் போர்வை போர்த்தி 'குட் நைட்' சொன்னார்கள். தலையைத் தொட்டால் அது சிரிக்கும்படி அமைத்ததும் நெருக்கம் கூடியது. தொட்டதற்குப் பதில் கொடுக்கும் பொருளிடம் குழந்தைக்கு எப்போதும் ஒட்டுதல் அதிகம்.

இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைக் காட்டிவிடலாம். ஸ்க்ரூவைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, ஓடாததைக் காட்டி, மறுபடி நீங்களே போட்டு ஓடவிடுங்கள். அதன் பிறகும் நாய்க்குட்டிப் பொம்மைக்குச் சோறு ஊட்டினால் ஊட்டட்டும். பேட்டரி என்று தெரிந்துகொண்டே ஊட்டுவதுதான் விளையாட்டு. உடைத்துப் பார்க்கும் பிள்ளையையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. சாப்பிடாவிட்டால் பொம்மை வந்து கடிக்கும், தூங்காவிட்டால் ரோபோ தூக்கிக்கொண்டு போகும் என்று பூச்சாண்டி வேலைக்குப் பொம்மையை அமர்த்தாதீர்கள். எது உயிருள்ளது என்று இன்னும் முடிவுக்கு வராத குழந்தை அதை அப்படியே நம்பும். விளக்கணைத்த அறையில் அந்தப் பொம்மை அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

பேட்டரி இறங்கும்போது

நன்றாகப் பழகிய பொம்மைக்கு ஒருநாள் குழந்தை திடீரென்று அழுதால் பேட்டரியைப் பாருங்கள். சக்தி குறையும்போது பாட்டு இழுத்துக் கட்டைக்குரலாகும், கால்கள் விட்டுவிட்டு அசையும். குழந்தைக்கு அது வேறு பொம்மை. அன்றைக்கு விளையாட்டை நிறுத்திவிட்டுப் பேட்டரியை மாற்றி, மறுநாள் ஐந்தாவது படியிலிருந்து தொடங்குங்கள். பழைய பேட்டரியைச் சன்னல் விளிம்பிலோ டிவி மேசையிலோ வைக்காமல் கழற்றிய கையோடு அப்புறப்படுத்திவிடுங்கள்.